மலையில் நமக்கென்று ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு வேலை நாளில் கடையைப் பூட்டி, "இன்று விடுமுறை" என்று அட்டையை மாட்டிவிட்டு வீட்டோடு இருந்துவிடுவேன். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை, பிறகு எதற்கு லீவு என்று மறுநாள் பிளவுஸ் வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொரு கேள்வி வரும். இலை எடுக்கப் போகிறவர்கள், டீச்சர்கள், கேரட் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் எழுதியே வைத்துவிட்டேன். உடம்பு சம்பந்தப்பட்டதை எல்லாம் நர்ஸாக இருக்கும் என் நாத்தனாரிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொண்டேன்.

அக்கா, லீவு போட்டுட்டு அப்படி என்னதான் பண்றீங்க?

பெரிசாக ஒன்றும் இல்லை. அலாரம் வைக்காமல் எழுந்திருப்பேன். வேறு யாராவது போட்டுக் கொடுக்கும் டீயைக் குடிப்பேன், நானே போட்டால் அந்த நாள் கணக்கில் சேராது. பனி விலகி வெயில் வந்ததும் உடம்புக்கும் தலைக்கும் எண்ணெய் வைத்துக்கொண்டு வாசலில் உட்காருவேன், வெந்நீரில் நிதானமாகக் குளிப்பேன், சூடாகச் சாப்பிடுவேன், முடியைக் காயவைத்தபடி எதையாவது படிப்பேன், இல்லாவிட்டால் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேன். சாயங்காலம் கைகால்களைக் கொஞ்சம் கவனிப்பேன். இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுருங்கிவிடும், "இதுக்கா லீவு" என்பார்கள். ஆமாம், இதற்குத்தான்.

எவ்வளவு செலவாகும்?

வீட்டிலேயே என்றால் நல்லெண்ணெய், தலை அலசுகிற அரப்பு இலைத்தூள், பச்சைப்பயறு மாவு, ஒரு டப்பா வாஸ்லின். எல்லாம் சேர்த்து 200 ரூபாயைத் தாண்டாது, அதிலும் பாதி அடுத்த மாதத்துக்கு மிச்சம் இருக்கும். உண்மையான செலவு அன்றைக்கு விட்டுப்போகும் கூலிதான். நாள்கூலிக்குப் போகிறவர்களிடம் வேலை நாளில் லீவு போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், ஞாயிற்றுக்கிழமையே போதும். ஆனால் ஞாயிறு என்றால் துணி துவைக்க, சந்தைக்குப் போக, வீடு கழுவ என்று மற்ற ஆறு நாளின் பாக்கி எல்லாம் வந்து நிற்கும், அதை என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

செவ்வாய், வெள்ளிதான் பொம்பளைங்க எண்ணெய் தேய்க்கணும்னு எங்க அம்மாயி சொல்லும். மத்த நாள் கூடாதா?

பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி, ஆண்களுக்குப் புதன், சனி என்பது பழைய வழக்கம். வாரத்தில் இரண்டு நாளாவது எண்ணெய் உடம்பில் படட்டும் என்று யாரோ போட்ட கணக்காக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்வேன். பெரியவர்கள் மனம் கோணாமல் இருக்க முடிந்தால் அந்தக் கிழமையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மலையில் நான் கிழமையைவிட வானத்தைத்தான் பார்க்கிறேன். நல்ல வெயில் உள்ள திங்கட்கிழமை, மூடுபனி போட்ட வெள்ளிக்கிழமையைவிட நூறு மடங்கு மேல்.

மாதவிலக்கு நாட்களில் தலைக்குக் குளிக்கலாமா என்றும் காதோரமாகக் கேட்கிறார்கள். மருத்துவப்படி எந்தத் தடையும் இல்லை. வெந்நீர் பட்டால் வயிற்றுவலிக்கு இதமாகக்கூட இருக்கும்.

இந்தக் குளிர்ல எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா சளி பிடிக்காதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். சளி வருவது வைரஸால், எண்ணெயால் இல்லை. ஆனால் ஈரத் தலையோடு குளிர்காற்றில் நின்றால் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கும், சைனஸ் தொல்லை உள்ளவர்களுக்குத் தலைபாரம் வரும், அதனால் பயம் முழுக்கப் பொய் என்றும் சொல்லமுடியாது. கீழே கோயம்புத்தூரில் விடிகாலை ஐந்து மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். அதை அப்படியே மார்கழியில் ஊட்டியில் செய்தால் நடுங்கிப்போவோம். உறைபனி விழுகிற மாதங்களில் காலை பத்து மணிக்கு முன் எண்ணெய்ப் பக்கமே போகாதீர்கள்.

முறை இதுதான். எண்ணெயை நேராக அடுப்பில் வைக்காமல் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள். உச்சந்தலையில் ஆரம்பித்து கழுத்து, தோள், முழங்கால், உள்ளங்கால் என்று தேயுங்கள். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதைப் பாட்டி சொன்னாலும் செய்யவேண்டாம், குழந்தைகளுக்கு அறவே வேண்டாம். அரை மணி நேரம் காற்றுப்படாத வெயிலில் உட்கார்ந்தால் போதும். குளித்ததும் ஈரத்தைத் துண்டில் நன்றாக ஒற்றியெடுத்து, தலை முழுக்கக் காய்கிறவரை வெளியே காற்றில் சுற்றக்கூடாது. சாம்பிராணி போடுகிறவர்கள் போடலாம், வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அந்தப் புகை ஆகாது.

காய்ச்சல், இளைப்பு, நெஞ்சுச்சளி இருக்கும்போது எண்ணெய்க் குளியலைத் தள்ளிப் போடுங்கள். இன்னொன்று, மலையில் எண்ணெய்க் குளியலால் சளி பிடித்தவரைவிடக் குளியலறையில் வழுக்கி விழுந்தவர்களைத்தான் நான் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறேன். முதலில் குளிக்கிறவர் தரையில் அரப்புத் தூளோ சோப்புத் தூளோ போட்டு வெந்நீர் ஊற்றித் தேய்த்துவிட்டு வரவேண்டும், வயதானவர் அடுத்து உள்ளே போவதாக இருந்தால் கண்டிப்பாக.

தேங்காய் எண்ணெய் கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கு. எந்த எண்ணெய்தான் வைக்கறது?

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். நம் ஊரில் வருஷத்தில் பெரும்பாலான நாள் அப்படித்தான் இருக்கும், அது கலப்படம் இல்லை. வாய் அகலமான பாட்டிலில் வாங்கி வைத்தால் ஸ்பூனில் தோண்டி எடுக்கலாம், இல்லாவிட்டால் பாட்டிலை வெயிலில் வையுங்கள்.

குளியலுக்கு நல்லெண்ணெய்தான் என் கட்சி. இங்குள்ள குளிருக்கு உறையாது. அதில் நாலு மிளகோ கொஞ்சம் ஓமமோ போட்டுக் காய்ச்சுவது சில வீடுகளில் வழக்கம், வாசனைக்காகவே எனக்குப் பிடிக்கும். விளக்கெண்ணெய் கெட்டி, தனியாகத் தேய்த்தால் அலசி முடிப்பதற்குள் வெந்நீர் தீர்ந்துவிடும், கொஞ்சம் கலந்துகொள்ளலாம். "வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்று சொன்னவர்கள் செக்கு எண்ணெயை மனதில் வைத்துத்தான் சொன்னார்கள், விளக்கேற்ற என்று விற்கிற மலிவு எண்ணெயை உடம்புக்கு வாங்காதீர்கள்.

சீயக்காயா, அரப்பா, ஷாம்பூவா?

அரப்பு. கொங்குப் பக்கத்து ஆட்களுக்கு வேறு பதில் வராது. எண்ணெயை மட்டும் எடுத்துவிட்டுத் தலையை மொடமொடவென்று ஆக்காமல் விடும், கண்ணில் பட்டால் மட்டும் கொஞ்சம் எரியும். சீயக்காய் நல்லதுதான், தலை ஏற்கெனவே வறண்டு இருந்தால் வடித்த கஞ்சியில் கலந்து போடுங்கள். வேலைக்குப் போகிற அவசர நாளில் ஷாம்பூ போட்டால் குற்றம் ஒன்றும் இல்லை.

கொதிக்கக் கொதிக்க ஊத்தினாதான் குளிச்ச மாதிரி இருக்கு. அது தப்பா?

சுகம்தான், ஆனால் தோல் அதற்கு விலை கொடுக்கும். ரொம்பச் சூடான தண்ணீர் தோலில் இருக்கிற இயற்கை எண்ணெயைக் கரைத்து எடுத்துவிடும். குளிர்காலத்தில் மலைக்காற்றும் வறண்டு இருப்பதால் கை வெளுத்து, கால் செதில் செதிலாகி, உதடு வெடித்து நிற்கும். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாகச் சுடவேண்டும், எரியக்கூடாது. பத்து நிமிஷம் போதும்.

குளித்துத் துடைத்து, உடம்பில் லேசாக ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவிக்கொள்ளுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு தடவினால் பாதிப் பலன்தான். நிறைய விலை கொடுத்துக் கிரீம் வாங்கி வைத்துக்கொண்டு பலன் இல்லை என்கிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் தவறவிடுகிறார்கள். உதட்டை நாக்கால் ஈரப்படுத்துவதை நிறுத்தினாலே பாதி வெடிப்பு ஆறிவிடும்.

குளியலறையில கரி நெருப்பு வெச்சுக்கிட்டா கதகதன்னு இருக்கும்ல?

வேண்டாம். இதில் விளையாட்டே கூடாது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முதலில் தலைவலி, அப்புறம் ஒரு மயக்கமான தூக்கம், அதோடு முடிந்துவிடும். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரிச்சட்டியை உள்ளே வைத்துத் தூங்கிச் செத்துப்போனவர்கள் மலைப் பகுதிகளில் உண்டு. சுற்றுலா வருகிறவர்கள் இறைச்சி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் இழுத்து வைப்பதும் இதே கதைதான்.

கேஸ் கீசர் இருந்தால் அது குளியலறைக்கு வெளியே இருக்கவேண்டும், தண்ணீர் மட்டும் குழாயில் உள்ளே வரட்டும். விறகடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சுகிறவர்கள் புறக்கடையில் காய்ச்சி வாளியில் எடுத்துப் போவது எவ்வளவோ மேல். கதகதப்பு வேண்டும் என்றால் இரண்டு குடம் வெந்நீரை முதலில் தரையிலும் சுவரிலும் ஊற்றிவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள்.

வெயில் சுடவே இல்ல, அப்புறம் எதுக்கு சன்ஸ்க்ரீன்?

சுடுவது ஒன்று, தோலைக் கறுக்கவைப்பது வேறொன்று. புற ஊதாக் கதிர் ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி 2,240 மீட்டர், கோத்தகிரியும் குன்னூரும் அதைவிடக் கொஞ்சம் தாழ்வு, கொடைக்கானல் 2,100 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஆக, கடல் மட்டத்தில் இருப்பதைவிட இங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். குளிர்காற்று வீசுவதால் உடம்புக்குத் தெரிவதில்லை, மேகமும் பெரிதாக மறைப்பதில்லை. கன்னத்தில் மங்கு விழுகிற நம் ஊர்ப் பெண்கள் பலருக்கும் அதை மோசமாக்குவது இந்த வெயில்தான்.

சன்ஸ்க்ரீன் டப்பாவில் போட்டிருக்கும் பாதுகாப்பு எண், எஸ்பிஎஃப், 30 இருந்தால் போதும், அது தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 போட்டால் 98, இந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டை விலை கொடுக்க எனக்கு மனசு வராது. முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்கவேண்டும், வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடவேண்டும். முடியாதவர்களுக்குத் தலையில் துண்டு இருக்கவே இருக்கிறது. இலை எடுக்கிற அக்காமார் முகத்தை மூடிக் கட்டுவது அழகுக்கலை நிபுணர் யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. எண்ணெய் வைத்து வெயிலில் உட்காரும்போதும் முதுகில் வெயில் படட்டும், முகம் நிழலில் இருக்கட்டும்.

காலெல்லாம் வெடிச்சு ரத்தம் வருது. தோட்டத்துல நிக்கிற காலுக்கு என்னத்த அழகு?

அழகுக்காக வேண்டாம், வலிக்காமல் நடக்கச் செய்யுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, பாதம் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, வாஸ்லினைக் கனமாகத் தடவிச் சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். பிளேடால் சீவுகிற வேலை வேண்டாம். ரொம்பக் கெட்டியான வெடிப்பாக இருந்தால் மருந்துக்கடையில் யூரியா கலந்த கிரீம் கேளுங்கள். ரத்தம் வருகிற இடத்தில் அதைத் தடவினால் எரியும், அது ஆறுகிறவரை வெறும் வாஸ்லின். ஒரு நாளில் சரியாகாது, அந்த ஒரு நாளில் ஆரம்பித்து வைத்தால் அப்புறம் தினமும் ராத்திரி இரண்டு நிமிஷ வேலைதான்.

மழைக்காலத்தில் நாள் முழுக்க ரப்பர் பூட்ஸுக்குள் நிற்கிறவர்களுக்குத் தொல்லை வேறு, விரல் இடுக்கில் சேற்றுப்புண். அங்கே வாஸ்லின் தடவினால் ஈரம் உள்ளேயே நின்று இன்னும் மோசமாகும். இடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்தி, பூஞ்சைக்கான மருந்து போடவேண்டும். பூட்ஸ் நாற்றத்துக்குக் கடுமையாகக் கொதிக்கவைத்து ஆறிய டீத்தண்ணீரில் காலை ஊறவைத்துப் பாருங்கள், தேயிலையின் துவர்ப்பு வியர்வையைக் கொஞ்சம் குறைக்கும். பால், சர்க்கரை போடாத டீ என்று ஒருமுறை சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் காலை வெந்நீரில் ஊறவைக்காதீர்கள். சூடு தெரியாமல் பொத்துப்போகும், புண் ஆறவும் நாளாகும். கழுவி, துடைத்து, பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கிரீம் தடவினால் போதும்.

முகத்துக்கு எலுமிச்சம்பழம் தேய்க்கலாமா? வெள்ளையாக்கற கிரீம் ஒண்ணு கடைல சொல்றாங்களே?

எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம் மாதிரி ஆகிக் கருந்திட்டு விழும், மாதக்கணக்கில் போகாது. இங்குள்ள வெயிலைப் பற்றி மேலே சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள். வேண்டாம். பச்சைப்பயறு மாவைத் தயிரில் குழைத்துப் போடலாம், கன்னத்தில் ஒட்டிக் காய்கிறவரை விடாமல் ஈரமாக இருக்கும்போதே கழுவுங்கள். பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மலிவாகக் கிடைக்கிற மாதத்தில் கனிந்த பழத்தை மசித்து முகத்திலும் முடி நுனியிலும் தடவலாம். மிச்சத்தைச் சாப்பிட்டுவிடுவது இன்னும் நல்லது.

வெள்ளையாக்கும் கிரீம் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. ஒரே வாரத்தில் நிறம் மாறுகிறது என்றால் அதில் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்க வாய்ப்பு அதிகம். முதலாவது தோலை மெலிதாக்கி முகமெல்லாம் சிவக்கவைக்கும், இரண்டாவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிடாத டப்பாவை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நிறத்தை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று யார் சொன்னார்களோ, அவர்களிடமிருந்து ஒரு நாள் லீவு எடுங்கள்.

நீலகிரித் தைலம் நம்ம ஊருதானே, உடம்பு முழுக்கத் தேய்ச்சுக்கலாமா?

யூக்கலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து 1840களில் இங்கே வந்தது, ஆனால் ஊர்க்காரராகிவிட்டது. தைலத்தை அப்படியே தோலில் ஊற்றித் தேய்த்தால் எரிச்சல் வரும். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய்க்கு ஐந்தாறு சொட்டு கணக்கில் கலந்து தேயுங்கள். ஆவி பிடிக்க ஒரு சட்டித் தண்ணீருக்கு இரண்டு மூன்று சொட்டு போதும், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கைக்குழந்தையின் மூக்கில், முகத்தில் தடவக்கூடாது, மூச்சுத் திணறல் வரலாம். குடித்தால் விஷம், சில மில்லியே குழந்தைக்கு ஆபத்து.

விண்டர்கிரீன் தைலம் இன்னும் கவனம். முட்டிவலிக்கு நன்றாகக் கேட்கும், காரணம் அதில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு நெருங்கிய சொந்தம். ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல் விழுங்கிய மாதிரி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் தொடவேண்டாம். தேய்த்த இடத்தில் வெந்நீர்ப் பை வைப்பதும் கூடாது, தோல் பொத்துவிடும். தைலப் பாட்டிலை ஸ்வெட்டர் அலமாரியில் உயரத் தட்டில் வையுங்கள், அலமாரியும் மணக்கும்.

பார்லருக்கோ ரிசார்ட் மசாஜுக்கோ போனா என்ன?

போங்கள், காசு இருந்தால் நன்றாகவே இருக்கும். அடுத்தவர் கை தலையில் படுகிற சுகம் நாமே தேய்ப்பதில் வராது. பார்லரில் கத்தி, பிளேடு, நகக் கருவி எல்லாம் புதிதா அல்லது சுத்தம் செய்ததா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். முடிச்சாயம் போடுவதாக இருந்தால் இரண்டு நாள் முன்னாடி காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார்க்கவேண்டும், பலருக்கு அலர்ஜி அதில்தான். முடி நேராக்கும் கெரட்டின் வேலை நடக்கும்போது கண் எரிந்தால் அது ஃபார்மால்டிஹைடு ஆவியாக இருக்கலாம், ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள், மூடிய அறையில் அதைச் செய்துகொள்ளவே வேண்டாம்.

மசாஜுக்குப் போனால் பெண்களுக்குப் பெண்தான் செய்வார்களா, எவ்வளவு நேரம், வரிகள் சேர்த்து எவ்வளவு என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். சாப்பிட்டவுடனே படுக்காதீர்கள். காலில் ரத்தக்கட்டு இருந்தவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் போகவேண்டாம். முடிந்த கையோடு கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறினால் செய்ததெல்லாம் வாந்தியாக வெளியே வரும், அன்றைக்கு இருக்கும் ஊரிலேயே இருங்கள்.

அத்தை என்ன நினைப்பாங்க? குழந்தைகளை யார் பாத்துக்கறது?

ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு உறுத்தும், அதை மறுக்கமாட்டேன். காய்ச்சல் என்று படுத்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், நன்றாக இருக்கும்போது உட்கார்ந்தால்தான் கேள்வி வரும். பல பேர் இதற்காகவே தலைவலி என்று பொய் சொல்லிப் படுக்கிறார்கள். பொய் வேண்டாம். "வர்ற வியாழக்கிழமை எனக்கு லீவு, அன்னிக்கு நான் சமைக்கமாட்டேன்" என்று ஒரு வாரம் முன்பே சாதாரணமாகச் சொல்லுங்கள். அனுமதி கேட்கிற குரலில் சொன்னால் பதில் வேறாக வரும்.

இரண்டாவது கேள்விக்குத்தான் பல பேர் சரியாக ஏற்பாடு செய்வதில்லை. வேலையை நாளைக்குத் தள்ளி வைத்துவிட்டு இன்றைக்கு ஓய்வெடுத்தால் அது ஓய்வே இல்லை, மறுநாள் இரண்டு நாள் வேலை காத்திருக்கும், அந்த நினைப்பிலேயே எண்ணெயும் தலையில் இறங்காது. வேலையை வேறொரு ஆளிடம் பெயர் சொல்லி ஒப்படைக்கவேண்டும். குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது வீட்டுக்காரர், சாயங்கால டிபன் நாத்தனார், மாட்டுக்குத் தண்ணீர் பெரியவன், இப்படி. "யாராவது பாத்துக்குங்க" என்றால் அந்த யாராவது நீங்களாகத்தான் இருப்பீர்கள். ஆள் இல்லாத வீடு என்றால் பக்கத்து வீட்டு அக்காவோடு முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஞாயிறு அவர் உங்கள் பிள்ளைகளைப் பார்க்கட்டும், அடுத்த ஞாயிறு நீங்கள். மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமைப் பாக்கிக்கும் இதே வழிதான், துவைக்கிறதை மட்டும் சனிக்கிழமை ராத்திரியே ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டு முடித்துவிடுங்கள்.

அத்தைக்கு ஒரு வழி உண்டு. அவருக்கும் சேர்த்து எண்ணெயைச் சூடுபண்ணி, முதலில் அவர் முட்டியில் தேய்த்துவிடுங்கள். அப்புறம் கேள்வி வராது, அடுத்த மாதம் தேதியை அவரே ஞாபகப்படுத்துவார்.

ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் உண்டா?

ஏன் இல்லை? சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் அவர்களுடையதுதானே. எங்கள் வீட்டில் சமைத்து முடித்த பிறகு அவருக்கும் ஒரு நாள் உண்டு. சலூனில் தலை மசாஜ் நல்ல சுகம் என்கிறார்கள், செய்துகொள்ளட்டும், ஆனால் முடிவில் கழுத்தைப் படக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுப்பதை மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போக இடமுண்டு. குடியை ஓய்வு என்று கணக்கில் எழுதுகிறவர்களோடு எனக்கு வாதாடத் தெம்பில்லை.

அன்னிக்கு என்ன சாப்பிடறது?

மிளகு ரசம், சூடான சாதம், ஏதாவது ஒரு பொரியல். எண்ணெய் தேய்த்த அன்று தயிர், குளிர்ச்சியான பண்டம் வேண்டாம் என்பார்கள், இந்தக் குளிரில் யாருக்கும் ஆசையும் வராது. பருப்பு வேண்டும் என்றால் குக்கரில்தான், இந்த உயரத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகிற வரைக்கும் காத்திருந்தால் லீவு முடிந்துவிடும். நாலு மணிக்கு டீயும் வர்க்கியும். தூளாக்காமல் இலையாகவே சுருட்டிக் காயவைக்கும் நல்ல ஆர்த்தடாக்ஸ் தேயிலை கொஞ்சம் வாங்கி அந்த நாளுக்கென்று வைத்திருக்கிறேன். தேயிலை விளைகிற ஊரில் இருந்துகொண்டு தினமும் தூளைத்தானே குடிக்கிறோம்.

வீட்டுல இருந்தா யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. தனியா எங்க போறது?

குன்னூர் சிம்ஸ் பூங்காவில் வார நாள் காலையில் கூட்டம் இருக்காது, 1874-இல் போட்ட தோட்டம், மரங்களுக்கெல்லாம் அதற்கேற்ற வயசு. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் ஒருமுறை ஜன்னலோரம் உட்கார்ந்து போய்வாருங்கள், உள்ளூர்க்காரர்களில் பாதிப் பேர் அதில் ஏறியதே இல்லை. கொடைக்கானல்காரர்களுக்குப் பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக், இரண்டும் காலை நேரத்தில். பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்தை 2024-இல் மலைப்பகுதிக்கும் நீட்டித்துவிட்டார்கள், பஸ் காசும் பெரிய தடையில்லை. ஆளில்லாத சோலைக்குள் தனியாகப் போகவேண்டாம், காட்டுமாடும் கரடியும் அங்கே குடியிருக்கின்றன.

போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக மனசு வராவிட்டால், பையின் அடியில் போட்டுவைத்து மத்தியானம் ஒரு முறை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

கீழேருந்து தங்கச்சி இதுக்காகவே வர்றேங்கறா. ஏதாவது சொல்லணுமா?

சொந்தக் காரில் வந்தால் இ-பாஸ் எடுக்கவேண்டும், 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை இருக்கிறது. அரசுப் பேருந்தில் வந்தால் அது தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்து வரட்டும். முதல் நாளே எண்ணெய்க் குளியல் வேண்டாம், பயண அலுப்பும் குளிரும் சேர்ந்தால் படுத்துவிடுவாள். சன்ஸ்க்ரீன் விஷயத்தை முதலில் சொல்லுங்கள், கீழிருந்து வருகிறவர்கள்தான் ஏமாந்து முகம் கறுத்துத் திரும்புவார்கள். ஏப்ரல், மே சீசனில் வந்தால் ஓய்வு கிடைக்காது, டிராஃபிக்தான் கிடைக்கும்.

ஒரு நாள் முழுக்க ஓய்வெடுத்தும் மறுநாள் அதே அலுப்பு. நான் சரியா செய்யலியா?

செய்கிற விதத்தில் குறை இருக்காது. ஓய்வில் போகாத சோர்வுக்கு வேறு காரணம் இருக்கும். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பாருங்கள், பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை மலைமேடு என்று நினைத்துக் காலம் தள்ளுகிறவர்கள் நிறைய. தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு எண்ணெயும் பயறு மாவும் மருந்தாகாது.

எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, காரணம் தெரியாமல் அழுகை வந்துகொண்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதையும் நோயாகவே எடுத்துக்கொண்டு யாரிடமாவது சொல்லவேண்டும். 14416 என்று அடித்தால் டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசில்லை, தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். நேரில் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு முகம் தெரியாத குரல் எவ்வளவோ சுலபம்.

தேதி குறிச்சு வெச்சா அன்னிக்குன்னு பாத்து மழை. கரண்டும் இல்ல. அப்போ?

ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. நமக்கும் குன்னூருக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய மழை. அந்த மாதங்களில் எண்ணெய்க் குளியலைத் திட்டத்திலேயே வைக்காதீர்கள், தலை காயாது. கால் கவனிப்பு, முகம், ஆவி பிடிப்பது, கம்பளிக்குள் படுத்துப் படிப்பது, தூக்கம், இவையெல்லாம் மழை நாளுக்கு என்றே ஒதுக்கிவையுங்கள். கரண்ட் போனால் கீசர் இல்லை, கேஸ் அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் காயவைத்தால் காலுக்கும் முகத்துக்கும் தாராளம். மண்சரிவு எச்சரிக்கை வந்த அன்று வெளியே போகிற திட்டம் எதுவும் வேண்டாம். வேலையை ஒப்படைத்த ஏற்பாட்டை மட்டும் மழை என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள், வீட்டில் இருக்கிறாளே என்று கரண்டியைக் கையில் கொடுக்க ஆள் வரும்.